விக்டோரியா காலத்தில் இலண்டன் அரச கழகத்தின் நிருவாகம்

இலண்டன் அரச கழகம் உலகின் மிகப் பழைய அறிவியல் அமைப்புகளுள் ஒன்று. ராயல் சொசைட்டி என்ற பெயரில் பரவலாக அறியப்படும் இக்கழகம் 1660 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்டது. நியூட்டன் முதல் டார்வின் வரை இதில் இருந்த அறிஞர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆனால் கழகம் அன்றாடம் எப்படி நடந்தது, உறுப்பினரை யார் தேர்ந்தெடுத்தார்கள், வந்த கட்டுரையை யார் படித்து முடிவு சொன்னார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்பவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விக்டோரியா அரசியின் ஆட்சிக் காலத்தில் (1837–1901) இக்கேள்விகளுக்குக் கழகம் கண்ட விடைகள் இன்றும் அறிவியல் உலகில் நடைமுறையில் உள்ளன. அந்த விதிகளால் அறிவியல் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

1663ஆம் ஆண்டின் அரச பட்டயத்தின்படி கழகத்தின் ஆட்சிக்குழுவில் தலைவர் உட்பட 21 பேர் இருந்தனர். ஆண்டுதோறும் நவம்பர் 30, புனித அந்திரேயா நாளன்று, ஆண்டுக் கூட்டம் கூடும். அன்று ஆட்சிக்குழுவில் பத்துப் பேர் விலகிப் புதியவர் பத்துப் பேர் வருவர். தலைவர், பொருளாளர், இரண்டு செயலாளர்கள் ஆகியோரும் அன்றே தேர்ந்தெடுக்கப்படுவர். ஏட்டளவில் இது தேர்தல். நடைமுறையில் தலைவர் விரும்பியவரே பெரும்பாலும் பதவிக்கு வந்தார். தாவரவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸ் 1778 முதல் 1820 வரை 41 ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தார். அவர் ஆதரவின்றி உறுப்பினராவது கடினமாக இருந்தது.

அந்நாளில் உறுப்பினராவதற்கு அறிவியல் ஆய்வு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டு முன்மொழிந்தால் போதும். பிரபுக்கள், படை அதிகாரிகள், மதகுருமார், செல்வந்தர் எனப் பலரும் பெயருக்குப் பின்னால் கழகத்தின் பட்டத்தைச் சேர்த்துக்கொள்ள விரும்பிச் சேர்ந்தனர். ஆய்வேட்டில் ஒரு கட்டுரைகூட எழுதாதவர்களே உறுப்பினருள் பெரும்பான்மை.

1830ஆம் ஆண்டுத் தேர்தல்

இந்த நிலைக்கு எதிராக வெளிப்படையாக எழுதியவர் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ். கணிப்பொறிக்கு முன்னோடியான பொறியைத் திட்டமிட்டவர் என்று இன்று அறியப்படுபவர் அவரே. 1830இல் இங்கிலாந்தில் அறிவியல் நலிந்து வருவதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உறுப்பினர் சேர்க்கை, பதக்கங்கள் வழங்கும் முறை, கூட்டக் குறிப்புகள் எழுதப்படும் விதம் என்று கழக நிருவாகத்தின் குறைகளை அதில் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்.

அதே ஆண்டு நவம்பரில் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. ஒரு பக்கம் மன்னரின் தம்பியான சசெக்ஸ் கோமகன். மறுபக்கம் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். சீர்திருத்தம் கோரியவர்கள் ஹெர்ஷலை நிறுத்தினர். கோமகன் 119 வாக்குகளும் ஹெர்ஷல் 111 வாக்குகளும் பெற்றனர். எட்டு வாக்குகளில் அரச குடும்பம் வென்றது. மனம் சலித்த அறிஞர் சிலர், 1831இல் யார்க் நகரில் தொடங்கப்பட்ட பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் பக்கம் திரும்பினர். எனினும் கழகத்துக்குள் சீர்திருத்த விருப்பம் அணையவில்லை. அடுத்து வந்த மாற்றம் தேர்தல் வழியாக வராமல், கட்டுரைகளைப் பரிசீலிக்கும் முறை வழியாக வந்தது.

மதிப்பீட்டாளர் முறை

கழகத்தின் ஆய்வேடு 1665இல் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கியது. 1752 முதல் அதில் எதை அச்சிடுவது என்று ஒரு கட்டுரைக் குழு முடிவு செய்தது. குழு உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். காரணம் எழுதப்படுவதில்லை.

1831இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு கட்டுரையையும் அத்துறை அறிந்த இருவரிடம் கொடுத்து, அவர்கள் எழுத்து வடிவில் அறிக்கை தர வேண்டும் என்றார். அவ்வறிக்கைகளை அச்சிட்டால் புதிய ஆய்வுகள் பலரைச் சென்றடையும் என்பது அவர் நோக்கம். முதல் சோதனையாக ஜார்ஜ் ஏரி எழுதிய, பூமி, வெள்ளி ஆகிய கோள்களின் இயக்கம் பற்றிய கட்டுரை எடுத்துக்கொள்ளப்பட்டது. ஹ்யூவெலும், வங்கி உரிமையாளரும் வானியலாளருமான ஜான் வில்லியம் லப்பக்கும் மதிப்பீட்டாளர்கள்.

முதல் கட்டுரையிலேயே இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. கட்டுரையின் சிறப்பை எடுத்துச் சொல்வதே அறிக்கையின் வேலை என்று ஹ்யூவெல் நினைத்தார். கணக்கில் உள்ள குறைகளைச் சுட்டுவதே வேலை என்று லப்பக் நினைத்தார். இறுதியில் இருவரும் ஒத்துப்போய் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆனால் காலப்போக்கில் லப்பக்கின் அணுகுமுறையே நிலைத்தது. அறிக்கைகள் அச்சேறுவது நின்று, ஆட்சிக்குழுவுக்கு மட்டும் தெரிந்த மறைவுக் கடிதங்களாக மாறின. மதிப்பீட்டாளர் யார் என்பது கட்டுரையாளருக்குச் சொல்லப்படவில்லை. இன்றைய ஆய்விதழ்களில் நடக்கும் சக மதிப்பாய்வு முறையின் வேர்களுள் ஒன்று இது.

1847ஆம் ஆண்டு விதிகள்

1840களின் நடுவில் கழகத்தில் மீண்டும் பூசல் எழுந்தது. 1845இல் உடலியலுக்கான அரச பதக்கம் விதிமுறைக்கு மாறாக வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு வந்தது. 1827 முதல் செயலாளராக இருந்த மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே கடும் கண்டனத்துக்கு ஆளாகி, 1848இல் பதவி விலகினார். பின்னாளில், 1852இல், ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த அகராதியை வெளியிட்டுப் புகழ்பெற்றவர் இவரே.

இதற்கிடையே வழக்கறிஞரும் இயற்பியலாளருமான வில்லியம் ராபர்ட் குரோவ் முன்னின்று நடத்திய முயற்சியால் 1847இல் புதிய விதிகள் வந்தன. அவற்றின் முக்கியக் கூறுகள்:

* உறுப்பினர் தேர்தல் ஆண்டுக்கு ஒரு முறை மட்டும், சூன் மாதத்தில் நடைபெறும்.
* விண்ணப்பச் சான்றில் குறைந்தது ஆறு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களுள் சிலராவது விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும்.
* சான்றில் அவர் செய்த ஆய்வுகள் குறிப்பிடப்படும். எல்லாரும் பார்க்கும்படி அது கூட்ட அறையில் தொங்கவிடப்படும்.
* வந்த பெயர்களிலிருந்து ஆட்சிக்குழு 15 பேரை மட்டும் பரிந்துரைக்கும்.

உயர்குடிப் பிரபுக்களையும் அரச குடும்பத்தாரையும் இந்த எண்ணிக்கைக்கு வெளியே சேர்க்க இடம் இருந்தது. ஆயினும் 15 என்ற எல்லை கழகத்தின் தன்மையையே மாற்றியது. 1847இல் 700ஐத் தாண்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை, நூற்றாண்டின் இறுதியில் ஐந்நூறுக்கும் கீழே வந்தது. பழைய உறுப்பினர்கள் மறைய மறைய, அவர்கள் இடத்தில் ஆய்வாளர்கள் வந்தனர். இந்தச் சீர்திருத்தம் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காக அதே ஆண்டில் தத்துவ மன்றம் என்ற உட்குழுவும் தொடங்கப்பட்டது. ஆண்டை நினைவூட்டும் வகையில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 47.

செயலாளரும் எழுத்தரும்

விதிகளை நடைமுறைப்படுத்தும் சுமை செயலாளர்கள் மேல் விழுந்தது. ஒருவர் இயற்பியல் அறிவியல்களையும், மற்றவர் உயிரியல் அறிவியல்களையும் கவனித்தனர். இவர்களுள் நீண்ட காலம் பணியாற்றியவர் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1854 முதல் 1885 வரை 31 ஆண்டுகள் அவர் செயலாளர். பாகுநிலை, ஒளி ஆகியவை பற்றிய அவர் ஆய்வுகளை இயற்பியல் மாணவர் அறிவர். ஆனால் அந்த 31 ஆண்டுகளில் அவருடைய நேரத்தின் பெரும்பகுதி பிறர் கட்டுரைகளுக்கே போனது. வந்த கட்டுரைகளைப் படித்தார். தகுந்த மதிப்பீட்டாளரைத் தேர்ந்தார். அறிக்கையில் வந்த குறைகளைக் கட்டுரையாளர் மனம் நோகாதபடி கடிதமாக எழுதினார். பல கட்டுரைகளில் தவறான கணக்குகளைத் தாமே திருத்திக் கொடுத்தார். கையெழுத்து படிக்கக் கடினமாக இருந்ததால், பிற்காலத்தில் தட்டச்சுப்பொறியில் கடிதங்களைத் தாமே அடித்தார்.

செயலாளர்களுக்குக் கீழே சம்பளம் பெறும் சிறு அலுவலகம் இருந்தது. அதில் துணைச் செயலாளர், எழுத்தர், ஏவலர் எனச் சிலரே. 1861 முதல் 1885 வரை துணைச் செயலாளராகவும் நூலகராகவும் இருந்த வால்ட்டர் ஒயிட் ரெடிங் நகரைச் சேர்ந்தவர். இளமையில் மரச்சாமான் செய்யும் தொழிலாளி. 1844இல் கழக நூலகத்தில் சிறு வேலையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். கூட்டக் குறிப்புகளை எழுதுவது, அச்சகத்தை விரட்டுவது, சந்தா வசூலிப்பது, சுவடிகளை அடுக்குவது எல்லாம் இவர் போன்றோர் கையில் இருந்தன. உறுப்பினராகும் தகுதி இல்லாதவர் என்று கருதப்பட்ட ஒருவரே உறுப்பினர்களின் பதிவேட்டைக் காத்தார்.

பணமும் இடமும்

கழகத்துக்கு அரசு சம்பளம் தரவில்லை. உறுப்பினர் நுழைவுக் கட்டணம் 10 பவுண்டு, ஆண்டுச் சந்தா 4 பவுண்டு. வசதியற்ற ஆய்வாளருக்கு இது பெருந்தொகை. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தலைவராக இருந்தபோது, 1878இல், வசதி படைத்த உறுப்பினரிடம் நிதி திரட்டினார். அதன் வருவாயைக் கொண்டு நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது, சந்தா 3 பவுண்டாகக் குறைக்கப்பட்டது.

ஆய்வுக்கான பணம் வேறு வழியில் வந்தது. பிரதமர் ஜான் ரசல் பிரபுவின் முன்முயற்சியால் 1850 முதல் அரசு ஆண்டுக்கு 1,000 பவுண்டு கொடுத்தது. அதை யாருக்கு, எந்த ஆய்வுக்கு வழங்குவது என்பதைக் கழகத்தின் குழு முடிவு செய்தது. 1876 முதல் மேலும் 4,000 பவுண்டு சேர்ந்தது. பொதுப் பணத்தை அறிவியலாளரே கூடிப் பங்கிடுவது என்ற நடைமுறை பிரித்தானியாவில் இவ்வாறு வேர்பிடித்தது.

இடமும் அரசு தந்ததே. 1780 முதல் சோமர்செட் மாளிகையில் இருந்த கழகம், 1857இல் பிக்கடிலி வீதியில் உள்ள பர்லிங்டன் மாளிகைக்கு மாறியது. வியாழக்கிழமைகளில் கூட்டம் நடந்தது. அதில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. புதிய உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்திட்டனர்.

வாட்டர்ஸ்டன் கட்டுரை

இந்த நிருவாகம் எவ்வளவு செம்மையாக நடந்தாலும், அது செய்த ஒரு தவற்றின் கதை இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது.

ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் 1811இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பம்பாயில் பாடம் நடத்தி வந்தார். 1845இன் இறுதியில் அங்கிருந்து கழகத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை அனுப்பினார். வாயு என்பது எல்லாத் திசைகளிலும் ஓடி மோதிக்கொள்ளும் எண்ணற்ற நுண்துகள்களால் ஆனது. அத்துகள்கள் கலத்தின் சுவரில் மோதுவதே அழுத்தமாகத் தெரிகிறது. வெப்பநிலை என்பது துகள்களின் இயக்க ஆற்றலின் அளவு. வெவ்வேறு வாயுக்கள் கலந்திருந்தால், கனமான துகள் மெதுவாகவும் இலேசான துகள் வேகமாகவும் ஓடிச் சராசரி ஆற்றல் சமமாக இருக்கும். இன்று மேல்நிலைப் பள்ளி மாணவர் படிக்கும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையின் அடிப்படைகள் பல அக்கட்டுரையில் இருந்தன.

கட்டுரை இரண்டு மதிப்பீட்டாளரிடம் சென்றது. ஆக்சுபோர்டுக் கணிதப் பேராசிரியர் பேடன் பவல், துகள் மோதலால் அழுத்தம் உண்டாகிறது என்ற அடிப்படையையே ஏற்கத் தயங்கினார். மற்றவர், 1832இல் முதல் மதிப்பீட்டு அறிக்கையில் பங்குகொண்ட அதே லப்பக். கட்டுரை பொருளற்றது, கழகத்தில் வாசிக்கவும் தகாதது என்ற கருத்தில் அவர் எழுதினார். 1846 மார்ச்சில் கட்டுரை கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. நடவடிக்கை ஏட்டில் மிகச் சுருக்கமான குறிப்பு மட்டும் வந்தது. முழுக் கட்டுரை அச்சாகவில்லை.

இங்கே இன்னொரு விதி குறுக்கே வந்தது. கழகத்தில் வாசிக்கப்பட்ட கட்டுரை கழகத்தின் சொத்து. அச்சிடாவிட்டாலும் திருப்பித் தருவதில்லை. வாட்டர்ஸ்டன் படி எடுத்து வைத்திருக்கவில்லை. ஆகவே அவரால் அதை வேறு ஆய்விதழுக்கும் அனுப்ப இயலவில்லை. கட்டுரை கழகச் சுவடியறைக்குப் போனது. 1857இல் கிளாசியசும், 1860இல் மாக்ஸ்வெல்லும் இதே துறையில் எழுதிப் புகழ்பெற்றனர். வாட்டர்ஸ்டன் பெயரை யாரும் நினைக்கவில்லை. 1883 சூன் மாதத்தில் ஒருநாள் எடின்பரோவில் வீட்டை விட்டு நடக்கச் சென்றவர் திரும்பி வரவில்லை.

1885 முதல் இயற்பியல் துறைச் செயலாளராக இருந்தவர் ராலே பிரபு. ஒலி பற்றி வாட்டர்ஸ்டன் 1858இல் வேறோர் இதழில் எழுதிய கட்டுரையைப் படித்தபோது, அதில் பழைய கட்டுரையைப் பற்றிய குறிப்பைக் கண்டார். 1891இல் சுவடியறையில் தேடச் செய்தார். கட்டுரை பத்திரமாக இருந்தது. 1892இல் தம் முன்னுரையுடன் கழகத்தின் ஆய்வேட்டிலேயே அதை வெளியிட்டார். இது அன்றே வந்திருந்தால் இத்துறை பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னேறியிருக்கும் என்று கருதினார். அறிமுகமில்லாத ஓர் இளம் ஆய்வாளர், எளிதில் மதிப்பிடக்கூடிய சிறு ஆய்வுகளால் முதலில் பெயர் பெற்றுவிட்டுப் பிறகே பெரிய கருத்துகளுடன் வருவது நல்லது என்றும் அறிவுரை கூறினார். கழகத்தின் செயலாளரே இவ்வாறு எழுதியது, அந்த முறையின் குறையை அவரே ஒப்புக்கொண்டதற்குச் சமம்.

கட்டுரையைத் திருப்பித் தராத விதிதான் வாட்டர்ஸ்டனுக்குக் கேடு செய்தது. அதே விதிதான் 45 ஆண்டுகள் அதைக் காத்தும் வைத்தது.

பெண்களும் பட்டயமும்

விதிகளால் வெளியே நிறுத்தப்பட்டவருள் பெண்கள் முதன்மையானவர்கள். கணித அறிஞர் மேரி சாமர்வில்லின் கட்டுரையை 1826இல் அவர் கணவரே கழகத்தில் அளிக்க வேண்டியிருந்தது. பின்னர் உறுப்பினர்கள் பணம் திரட்டி அவரது மார்பளவுச் சிலையைக் கழகத்தில் வைத்தனர். சிலைக்கு இடம் கிடைத்தது, உறுப்பினராக அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

விக்டோரியா காலம் முடிந்த மறு ஆண்டு, 1902இல், மின்வில் ஆய்வால் பெயர்பெற்ற ஹெர்த்தா அயர்டனின் விண்ணப்பச் சான்று கழகத்துக்கு வந்தது. ஆட்சிக்குழு சட்ட ஆலோசனை கேட்டது. மணமான பெண் பட்டயத்தின்படி உறுப்பினராக இயலாது என்று பதில் வந்தது. 1904இல் அவர் தம் கட்டுரையைத் தாமே கழகத்தில் வாசித்தார். அவ்வாறு வாசித்த முதல் பெண் அவர். 1906இல் கழகத்தின் ஹியூஸ் பதக்கமும் பெற்றார். ஆயினும் உறுப்பினராகவில்லை. கேத்லீன் லான்ஸ்டேல், மார்ஜரி ஸ்டீவன்சன் ஆகிய இருவர் முதல் பெண் உறுப்பினராக 1945இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அறிவியல் கட்டுரைப் பட்டியல்

கழக அலுவலகம் செய்த பணிகளுள் உலகெங்கும் பயன்பட்டது அறிவியல் கட்டுரைப் பட்டியல். 1855இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலாளர் ஜோசப் ஹென்றி முன்வைத்த யோசனையிலிருந்து இது பிறந்தது. 1800 முதல் உலக ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை ஆசிரியர் பெயர் வரிசையில் தொகுக்கும் பணியைக் கழகம் ஏற்றது. எழுத்தர்கள் இதழ் இதழாகப் பார்த்துச் சீட்டுகளில் எழுதினர். முதல் தொகுதி 1867இல் வந்தது. நூற்றாண்டு முழுவதற்குமான 19 தொகுதிகளும் முடிய 1925 ஆயிற்று. இணையத் தேடல் இல்லாத காலத்தில், யார் எதை முன்பே எழுதியிருக்கிறார் என்று அறிய ஆய்வாளருக்கு இருந்த பெரிய துணை இது.

இந்தியத் தொடர்பு

கழகத்தின் முதல் இந்திய உறுப்பினர் பம்பாயைச் சேர்ந்த கப்பற் பொறியாளர் அர்தசீர் குர்செட்ஜி. அவர் 1841இல், பழைய விதிகளின்கீழ்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த இந்தியர் வர 77 ஆண்டுகள் ஆயின. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன் 1918 மே மாதத்தில் உறுப்பினரானார். அவர் வந்த வழி 1847இன் விதிகள் வகுத்த வழியே. ஜி. எச். ஹார்டி முதலானோர் கையெழுத்திட்ட விண்ணப்பச் சான்றும், அதில் அவர் ஆய்வுகளின் குறிப்பும், அவ்வாண்டின் 15 பேருள் ஓர் இடமும் அவ்விதிகளின்படி அமைந்தவை. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த ஒருவரை, ஆய்வின் தகுதி ஒன்றைக் கொண்டே அந்தச் சான்று உள்ளே கொண்டுவந்தது.

மதிப்பீடு

விக்டோரியா காலக் கழகம் பிறப்பையும் செல்வத்தையும் பின்தள்ளி ஆய்வை முன்வைத்தது. அதற்கு உதவியவை விண்ணப்பச் சான்று, மதிப்பீட்டு அறிக்கை, கூட்டக் குறிப்பு, சுவடியறை போன்ற எளிய அலுவலகக் கருவிகள். இராமானுசனுக்குக் கதவு திறந்ததும், வாட்டர்ஸ்டனுக்கும் அயர்டனுக்கும் அடைத்ததும் இதே கருவிகள்தாம். வேறுபாடு அவற்றைக் கையாண்டவரிடம் இருந்தது. இராமானுசனுக்காக முன்மொழிய ஹார்டி இருந்தார். பம்பாயிலிருந்து எழுதிய ஆசிரியருக்கு, அவர் உயிரோடிருந்தவரை, அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.